கடப்பாவிலிருந்து இராமநாதபுரத்துக்கு இருவர்

போன மாதம் மாங்காட்டில் ஒரு கல்யாணம். பெண்ணின் தகப்பனார் என்னோடு வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்தவர். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் இப்போது விமானக் கட்டுப்பாட்டில் அதிகாரியாக இருக்கிறாராம். முப்பது வயது இருக்கும். நான் யாரென்று தெரிந்ததும் இடது கையால் செல்போனை எடுத்தார். "சார், எந்த ரெண்டு ஏர்போர்ட் பேரை வேணா சொல்லுங்க. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்னு இதுலயே வந்துடும்" என்றார். ஒருவரும் கேட்டிருக்க மாட்டாத இரண்டு பெயராகச் சொல்வோமென்று கடப்பா, இராமநாதபுரம் என்றேன். எனக்கு ரசம் ஊற்றுவதற்குள் விடை வந்துவிட்டது.

தூரம் சரியாகத்தான் இருந்தது. இந்த நேரம் எந்த விமானத்துக்கு, எந்தக் காற்றுக்கு என்று கேட்டேன். அது ஏதோ சராசரிக் கணக்கு சார் என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்யாணப் பந்தியில் கோபப்படக் கூடாது என்று அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் விடவில்லை. உலகத்தில் இத்தனை ஊர் இருக்க, அந்த இரண்டை மட்டும் ஏன் கேட்டீர்கள் என்றார். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் நெமிலிச்சேரிக்காரன். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். நான் பள்ளி இறுதி முடித்ததும் வயர்லெஸ் ஆபரேட்டர் வேலைக்கு எடுத்தார்கள். வடக்கே பயிற்சி. மோர்ஸ் சத்தம் தூக்கத்திலும் காதில் அடிக்க ஆரம்பித்ததும் திருப்பி அனுப்பினார்கள். அறுபதுகளின் நடுவில் பூந்தமல்லிக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன நிலையத்தில் போட்டார்கள். ஓடு வேய்ந்த ஒரு கட்டடம், நான்கு உயரக் கம்பங்கள், பின்னால் டீசல் எஞ்சினுக்கு ஒரு கொட்டகை. மீனம்பாக்கத்துக் கருவிகளுக்கு எட்டாத தூரத்தில் பறக்கும் விமானங்களோடு நாங்கள் பேசுவோம். விமானி சொல்வதை எழுதி, தொலைபேசியில் மீனம்பாக்கத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதை விமானிக்குச் சொல்ல வேண்டும். நாமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. எங்களுக்குச் சட்டம் அதுதான்.

அங்கே மேலதிகாரி தேவசகாயம் சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லி, நல்ல உயரம், எப்போதும் வெள்ளைச் சட்டை. நாற்காலி இருந்தும் உட்கார மாட்டார். மேஜைக்கு ஒரு அடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டே இருந்தால் எப்படி வேலை ஓடும்? முதல் மாதம் முழுக்க எனக்கு முதுகு கூசியது. குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் அலகு இல்லாத எண் அவர் காதில் விழுந்தால் போச்சு. மீனம்பாக்கத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் "காற்று பத்து" என்றால், "பத்து என்ன?" என்பார். "பத்துதான் சார்" என்றால், "பத்து வாழைப்பழமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் நிற்பார். அவருக்கு வாழைப்பழத்தார் என்றே பட்டப்பெயர். அது அவருக்கும் தெரியும்.

அவர் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. சாலையோர மைல்கற்களைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கற்களை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. பூந்தமல்லி சாலையில் ஒரே ஊருக்கு ஒரு பலகை ஒரு கணக்கும் அடுத்த பலகை வேறு கணக்கும் சொல்லும். பஸ்ஸில் போகிறவனுக்கு அதனால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. எங்களுக்கோ மூன்றாவதாக ஒன்றும் உண்டு, கடல் மைல். அது தரை மைலைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அதிக நீளம். விமான வேகத்தை மணிக்கு இத்தனை கடல் மைல் என்று சொல்வதற்கு நாட் என்று பெயர். சில சின்ன விமானங்களில் மட்டும் வேகம் காட்டும் முள் தரை மைல் கணக்கில் ஓடும்.

மூன்றாவது ஆள் கன்னியப்பன். எஞ்சின் பார்ப்பது அவர் வேலை. மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும். போன கையோடு எஞ்சினைச் சுற்றிக் கிளப்ப வேண்டும். தண்ணீர் சுழற்றும் பம்பு கெட்டுப் பல மாதமாகி, புதுசு வருகிறது வருகிறது என்று மேலிடத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதனால் பீப்பாயிலிருந்து வாளியில் மொண்டு மொண்டு எஞ்சினுக்கு ஊற்ற வேண்டும். ஊற்றுவதை நிறுத்தினால் சூடேறி நின்றுவிடும். கன்னியப்பனுக்கு மாங்காட்டில் வீடு. மாமனார் மாமியார் போன பிறகு மனைவியின் தம்பி முனுசாமியைத் தன் வீட்டிலேயே வைத்து வளர்த்தார். அந்தப் பையன் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் தொழில் கற்று, வயலுக்கு மேலே பூச்சிமருந்து தெளிக்கும் விமானக் கம்பெனி ஒன்றில் மெக்கானிக் ஆகிவிட்டான். விமானம் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே போக வேண்டும். கன்னியப்பனுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. மச்சான் மேலே பறக்கிறான், நான் கீழே எண்ணெய் துடைக்கிறேன் என்று டீக்கடையில் எல்லாரிடமும் சொல்வார்.

ஐப்பசி பிறக்கப்போகிற சமயம். அன்று மதியமே மழை தூறிக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது கன்னியப்பன் சேதி சொன்னார். முனுசாமி கடப்பாவில் வேலை முடித்து, அன்று பிற்பகல் இராமநாதபுரம் போகிறானாம். அக்காவுக்குக் கருவாடு வாங்கி வருவதாகக் கடிதம் போட்டிருக்கிறானாம்.

மூன்று மணிவாக்கில் அந்த விமானம் எங்களைக் கூப்பிட்டது. விமானி ஒரு பஞ்சாபிக்காரர், நிதானமான குரல். கடப்பாவை விட்டுக் கிளம்பியாயிற்று, உள்ளே இரண்டு பேர், வேகம் நூற்றிருபது நாட், இராமநாதபுரத்துக்கு ஐந்து முப்பத்து நான்குக்குப் போய்ச் சேருவேன் என்றார். எழுதி மீனம்பாக்கத்துக்குச் சொன்னேன். இரண்டு ஊரும் வரைபடத்தில் ஏறக்குறைய ஒரே கோட்டில், வடக்கும் தெற்குமாக இருக்கின்றன. நடுவே முந்நூற்றெட்டு கடல் மைல். கணக்கு சரியாக வந்தது. இராமநாதபுரத்தில் அப்போது ஒரு பழைய மண் ஓடுதளம், ஒரு காவலாள், அவ்வளவுதான். விளக்கு கிடையாது. இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும். ஆறு மணிக்கு மேல் வெளிச்சத்தை நம்ப முடியாது.

நாலரைக்குக் கரண்ட் போயிற்று. கன்னியப்பன் எஞ்சினைக் கிளப்பினார். விமானி இடையில் இரண்டு முறை பேசினார். சித்தூர் மலைகளைத் தாண்டியதிலிருந்து கீழே ஒரே மேகம், தரையே தெரியவில்லை, கடிகாரத்தையும் திசைகாட்டியையும் பார்த்துத்தான் ஓட்டுகிறேன் என்றார். அதில் ஒன்றும் புதுமை இல்லை.

ஐந்து முப்பத்து நான்கு வந்தது, போனது. இரண்டு நிமிஷம் கழித்து அவர் கூப்பிட்டபோது குரலில் அந்த நிதானம் இல்லை. நேரம் முடிந்துவிட்டது, மேகம் விலகியிருக்கிறது, ஓடுதளத்தைக் காணோம், கீழே எங்கே பார்த்தாலும் கண்மாய்தான் தெரிகிறது என்றார். "தாண்டி வந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். முன்னால் கடல் வந்துவிடும். திரும்பி வடக்கே தேடப்போகிறேன்."

தேவசகாயம் சார் இன்னொரு காதுக்கருவியில் கேட்டுக்கொண்டிருந்தார். வட்டமடித்துக்கொண்டு அங்கேயே இருக்கச் சொல் என்று எனக்குக் கை காட்டிவிட்டு, மீனம்பாக்கத்துக்குத் தொலைபேசியைச் சுற்றினார். எதிர்முனையில் இருந்தவர், பெரிய அதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன், காத்திருங்கள் என்றார். சார் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, இந்த மாதிரிப் பூச்சிமருந்து விமானம் நூற்றிருபது நாட் ஓடி நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்.

 அவர் கேட்க வந்தது புரிந்துவிட்டது. அந்த முள் தரை மைலைக் காட்டும் முள்ளாக இருந்தால் விமானம் இதுவரை முந்நூற்றெட்டு தரை மைல்தான் வந்திருக்கும். ஊர் இன்னும் நாற்பத்தாறு தரை மைல் முன்னால் இருக்கிறது. திரும்பினால் ஊரை விட்டு விலகிப் போவார். அரைமணியில் இருட்டு, கீழே முழுக்கத் தண்ணீர். ஆனால் அவர் சொன்னபடியே அது நாட் கணக்கில் ஓடும் முள்ளாக இருந்துவிட்டால்? உண்மையிலேயே ஊரைத் தாண்டியிருந்து, நாம் நேரே போ என்று சொன்னால், அந்த இரண்டு பேரையும் கடலுக்கு அனுப்பியவர்கள் நாங்களாவோம். கம்பெனியைக் கேட்கலாமென்றால் ட்ரங்க் கால் கிடைப்பதற்குள் விடிந்துவிடும். அந்த விமானத்தைப் பற்றித் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் ஒரே ஒருவர்தான். கொட்டகையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடு என்றார் சார்.

கன்னியப்பனுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் நான் அதுவரை கதவைச் சாத்தி வைத்திருந்தேன். சார், அவர் மச்சான் உள்ளே இருக்கிறான் என்று மெதுவாகச் சொன்னேன். "அதனாலதான் கூப்பிடச் சொல்றேன்" என்றார்.

ஓடிப் போய்க் கூப்பிட்டேன். சார் கேட்கிறார் என்று மட்டும் சொன்னேன். வாளியைக் கையில் பிடித்தபடியே வந்து வாசலில் நின்றார். தேவசகாயம் சார் பேச்சோடு பேச்சாகக் கேட்பது போலத்தான் கேட்டார். உங்க மச்சான் போகிற விமானம் எப்படி, பழசா புதுசா, அதைப் பற்றி ஏதாவது சொன்னானா, வேகம் காட்டுகிற முள்ளைப் பற்றி ஏதாவது?

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். என் காதில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தார். பிறகு சார் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"போன வாரம்தான் சார் அந்த ஏரோப்ளேன் வந்துச்சு. செகண்டு ஹாண்டு. பழசுல ஒரு கணக்காம், இதுல மீட்டர் வேற கணக்காம். மைல்னு போட்டுக்கீதாம். கேப்டன் பழைய நெனப்புலயே பாக்கிறாருன்னு இவன் சொல்லிகினு இருந்தான்."

"மைல்னா, நம்ம ரோட்டு மைலா?"

"அதான் சார். நம்ம பஸ்ல கீதே, அந்த மைலு."

சரி, நீங்கள் எஞ்சினைப் பாருங்கள் என்றார் சார். கன்னியப்பன் போய்விட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. ஆள் ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்தேன்.

தொலைபேசியில் மீனம்பாக்கத்துக்காரர், இதோ கேட்கிறேன், ஒரு நிமிஷம் என்று மறுபடி ஆரம்பித்தார். சார் ரிசீவரை அப்படியே மேஜைமேல் வைத்தார். அது பேசிக்கொண்டே கிடந்தது. என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அவர் மைக்கைத் தொட்டு அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. விமானியிடம் கேட்ட முதல் கேள்வி, கண்மாய் தவிரக் கீழே என்ன தெரிகிறது என்பதுதான்.

இரைச்சலுக்கு நடுவே பதில் வந்தது. வீடுகள், பெரிய பெரிய வீடுகள், நீள நீளமாக ஓட்டுக்கூரை, நடுவே முற்றம், தெருவெல்லாம் நேர்நேராக, அரண்மனைகளை வரிசையாக அடுக்கிய மாதிரி இருக்கிறது, இது எந்த ஊர் என்று புரியவில்லை. பஞ்சாபிக்காரருக்கு எப்படிப் புரியும்? எங்களுக்குப் புரிந்தது. அப்படி வீடு கட்டுகிற ஊர் காரைக்குடிப் பக்கத்தில்தான் உண்டு. இராமநாதபுரம் அதற்கும் தெற்கே.

சார் அதைச் சொல்லப் போகும்போது விமானியின் குரல் மங்கியது. பொழுது சாயும் வேளையில் வயர்லெஸ் இப்படித்தான் காலை வாரும். அவர் ஏதோ கேட்டார், ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. பிறகு இரைச்சல் மட்டும்தான்.

பதில் வராவிட்டாலும் அவருக்கு நம் குரல் கேட்கலாம் என்று வைத்துக்கொண்டு, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் முறை ஒன்று உண்டு. சார் அதை ஆரம்பித்தார். உங்கள் வேகமுள் தரை மைல் காட்டுகிறது. நீங்கள் இருப்பது காரைக்குடிக்கு மேலே. திரும்பாதீர்கள். தெற்கே நேராக இன்னும் இருபத்து மூன்று நிமிஷம் ஓட்டுங்கள். இதை இரண்டு முறை சொல்வார், நிறுத்துவார், காது கொடுப்பார், மறுபடி சொல்வார். ஒரே குரல், ஒரே வேகம். சொல்வது மீனம்பாக்கம் அல்ல, தேவசகாயம் என்று தன் பெயரையும் ஒவ்வொரு முறையும் கடைசியில் சேர்த்தார். தவறிப்போனால் யாரைப் பிடிப்பது என்று பிறகு ஒருவரும் தேட வேண்டாம் என்பதற்காக அதைச் செய்தார் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பேச்சுக்காக அவரிடம் விளக்கம் கேட்டார்கள், வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை.

ஆறு மணி ஆயிற்று. ஜன்னலுக்கு வெளியே வயல் கறுத்துவிட்டது. எனக்குப் பயம், வெறும் பயம். முனுசாமியை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்கு வந்து அத்தானுக்கு எஞ்சின் துடைத்துக் கொடுப்பான், எந்நேரமும் வெற்றிலை போட்ட வாய். காதுக்கருவியை அழுத்தி அழுத்திப் பிடித்துக் காது வலித்தது. பின்னாலிருந்து எஞ்சின் சத்தம் ஒரு தடவைகூட இளைக்காமல் வந்துகொண்டிருந்தது. சாதாரண நாளில் அது இத்தனை நேரத்துக்குள் இரண்டு முறையாவது திணறியிருக்கும். அன்று அதை யோசிக்க எனக்குப் புத்தி இல்லை.

தேவசகாயம் சார் சொல்வதை நிறுத்தினார். சொல்லி முடித்தாயிற்று, இனி காதுதான் என்றார். பிறகு நான் அங்கே வேலை பார்த்த காலத்திலேயே முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இரைச்சலுக்கு அடியில் ஏதோ அசைந்தது. நான் கையைத் தூக்கினேன். சார் எழுந்தார். மறுபடி ஒன்றுமில்லை. பிறகு மிகவும் மெல்லிசாக, ஆனால் தெளிவாக வந்தது. "தரையில் இருக்கிறோம். இராமநாதபுரம். இரண்டு பேரும் நலம். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், தேவசகாயம்."

நான் மேஜைமேல் தலையை வைத்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை. சார் ரிசீவரை எடுத்து, இறங்கிவிட்டது என்று மட்டும் மீனம்பாக்கத்துக்குச் சொல்லி வைத்தார். பிறகு வா என்று என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

வெளியே வந்ததும் நான் நின்றுவிட்டேன். பூந்தமல்லி சாலையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எதிரே அரிசி மில்லிலும் வெளிச்சம். கரண்ட் வந்திருந்தது. வந்ததும் எஞ்சினை நிறுத்தி மாற்றிவிட வேண்டும் என்பதுதான் விதி. டீசலைக் கணக்குப் பார்க்கிறவர்கள் அதற்கு மெமோ கொடுப்பார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

கொட்டகையில் கன்னியப்பன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் தண்ணீர். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. முகத்தையும் திருப்பவில்லை. சார் கிட்டே போய், எஞ்சின் சத்தத்தில் கேட்க வேண்டுமென்று அவர் தோளைப் பிடித்து, காதோரம் குனிந்து சொன்னார்: "இறங்கிட்டாங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

கன்னியப்பன் தலையை ஆட்டினார். வாளியை வைக்கவில்லை. இன்னும் ஒரு முறை மொண்டு ஊற்றினார்.

"கரண்ட்டு எப்பவோ வந்துடுச்சு சார்" என்றார். "மாத்தினா உங்க வயர்லெஸ் பொட்டி ஒரு தபா அணைஞ்சி, மறுபடி சூடாவறதுக்கு நேரம் புடிக்குமே. அதுக்குள்ள அவங்க கூப்ட்டா இன்னா பண்றது. அதான் மாத்தல."

எல்லாம் புரிந்துகொண்டுதான் போயிருக்கிறார். கேட்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு தடவையாவது வந்து என்ன ஆச்சு என்று கேட்டிருக்கலாமே அண்ணே என்றேன்.

"நான் வந்து வாசல்ல நின்னா நீ என் மூஞ்சியப் பாப்ப நைனா. அவன யாரு பாக்கறது?"

அவ்வளவுதான் சொன்னார். பிறகு வாளி கையிலிருந்து நழுவியது. அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். தேவசகாயம் சார் தன் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு வாளியை எடுத்தார். எஞ்சின் ஆறும்வரை அவரே தண்ணீர் ஊற்றினார். நான் போய்க் கரண்ட்டை மாற்றினேன்.